உஷார்! ஆலைக்கழிவில் காளான் வளர்க்கச் சொல்கிறார்களா?

கொல்லிமலையில் சிப்பிக் காளான் வளர்க்கும் குடும்பங்களுக்கும், இனித் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஓர் அவசரச் செய்தி. "வைக்கோலுக்கு ஏன்க்கா அலையறீங்க? சேகோ ஃபேக்டரி திப்பி இருக்குது, மில்லு பஞ்சு இருக்குது. மூட்டை மூட்டையா வாசல்லயே இறக்கித் தர்றேன், காளான் பிச்சுக்கிட்டு வரும்" என்று யாராவது வந்து நின்றால், மூட்டையை இறக்க விடாதீர்கள். எந்த ஆலை, ஆலைக்குள் எந்த இடத்தில் அள்ளியது, அள்ளி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வாடகை நஷ்டம் அவருடையது. மூட்டை உள்ளே வந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கும், உங்கள் காளானை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும்.

காளான் வளர்ப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிலமும் முதலும் குறைவாக உள்ள ஒரு குடும்பம், சின்னக் கொட்டகையில் 45 நாள் சுற்றில் காசு பார்க்கக்கூடிய தொழில்கள் மிகச் சில. சிப்பிக் காளான் அவற்றில் ஒன்று. ஜெர்மனியில் 1917-இலேயே மரக்கட்டைகளில் இதை வளர்த்தார்கள். நம் நாட்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-1, எம்.டி.யு-1, ஏ.பி.கே-1, ஊட்டி-1 என்று நம் ஊர்களுக்கு ஏற்ற ரகங்களை வெளியிட்டது. சமவெளியில் சித்திரை, வைகாசியில் கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டுத் திண்டாடுகிறார்கள். 1000 முதல் 1300 மீட்டர் உயரத்திலுள்ள கொல்லிமலையில், சோளக்காட்டிலும் செம்மேட்டிலும், அந்தத் திண்டாட்டம் அவ்வளவாக இல்லை. குளிரையும் ஈரத்தையும் மலையே தருகிறது.

மலையில் குறைந்து போயிருப்பது காளான் படுக்கைக்கு வேண்டிய தாள்தான். சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த சரிவுகளைக் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டிருக்கிறது. ஆனாலும் கிழங்கு தரும் ரொக்கத்தின் இழுப்பு பெரிது. சாமை போனால் சாமைத் தாளும் போய்விடும். பள்ளத்தாக்கு வயல்களில் கிடைக்கும் நெல் வைக்கோல் மாட்டுக்குப் போக அதிகம் மிஞ்சுவதில்லை. கீழேயிருந்து வைக்கோல் ஏற்றலாம் என்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வைக்கோல் விலையோடு வண்டி வாடகையும் சேர்ந்துகொள்கிறது. இந்த இடைவெளியில்தான் "ஆலையில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கோங்க" என்ற பேச்சு எடுபடுகிறது.

வயலில் அறுத்த தாளும் ஆலையின் கொல்லைப்புறத்தில் குவிந்து கிடப்பதும் ஒன்றல்ல. தாளின் கதை உங்களுக்குத் தெரியும்: யார் விதைத்தார், என்ன மருந்து அடித்தார், எப்போது அறுத்தார் என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஆலைக்கழிவுக்கு அப்படிப் பதில் சொல்ல யாரும் இல்லை.

படுக்கையில் இருப்பது குடைக்குள் வரும்

சிப்பிக் காளான் எப்படிச் சாப்பிடுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். என் பதற்றத்துக்குக் காரணமே அங்கேதான் இருக்கிறது. படுக்கைக்குள் வெள்ளை நூலாகப் பரவும் பூஞ்சை இழை, தன்னைச் சுற்றி நொதிகளைக் கசியவிடுகிறது. லாக்கேஸ் போன்ற அந்த நொதிகள் தாளிலுள்ள லிக்னினையும் செல்லுலோஸையும் உடைத்துக் கரைக்கின்றன. கரைந்ததை இழை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தையே கரைக்கத் தெரிந்த நொதிகளுக்குச் சாயத்தையும் எண்ணெயையும் உடைக்கவும் தெரியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில், 1990-களில், டீசல் ஊறிய மண்ணில் சிப்பிக் காளான் வித்தைக் கலந்து சோதித்தார்கள். சில வாரங்களில் மண்மேல் கொத்துக் கொத்தாகக் காளான் பூத்தது. எண்ணெய்ச் சேர்மங்கள் பெருமளவு சிதைந்தன. பால் ஸ்டாமெட்ஸ் என்ற காளான் ஆய்வாளர் அதை உலகம் முழுக்க எடுத்துச் சொன்னார்.

அந்தச் சோதனையைக் காட்டி, "காளான் எந்த விஷத்தையும் முறிச்சிடும், பயப்படாதீங்க" என்று சொல்பவர்களிடம்தான் மிகுந்த உஷார் தேவை. பெல்லிங்ஹாமில் செய்தது மண்ணைச் சுத்தம் பண்ணும் வேலை. சாப்பாட்டுக்கான விவசாயம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: எண்ணெய் உடையும், உலோகம் உடையாது. காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவை தனிமங்கள். எந்த நொதியாலும் அவற்றை வேறொன்றாக மாற்ற முடியாது. படுக்கையில் இருந்தால் இழைக்குப் போகும், இழையிலிருந்து குடைக்கு வரும். அதிலும் காட்மியத்தைச் சிப்பிக் காளான் எளிதாக இழுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சிப்பிக் காளானைப் பெயர் சொல்லியே, ஒரு கிலோ பச்சைக் காளானில் காட்மியம் 0.15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

நிறத்தில் தெரியாது, வாசனையில் தெரியாது, ருசியிலும் தெரியாது. காட்மியம் ஏறிய காளானும் வெள்ளை வெளேரென்று, மொறுமொறுப்பாக, கடையில் முதல் ஆளாக விற்றுப்போகும். உலர்த்தினால் இன்னும் மோசம். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோவை உலர்த்தினால் ஒரு கிலோ வரும். தண்ணீர்தான் போகிறது, உலோகம் அப்படியே நிற்கிறது. அந்த உலர் காளானை அரைத்து, 'கொல்லிமலைக் காளான் பொடி, சத்துமாவில் கலந்து குழந்தைக்குக் கொடுங்கள்' என்று விற்றால், வாங்குகிற தாய் எதை நம்பி வாங்குகிறாள்? மூலிகை மலை, சித்தர் மலை என்று இந்த மலையின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தால் மிளகுக்கும் காபிக்கும் தேனுக்கும் அன்னாசிக்கும் சேர்த்துத்தான் அடி.

திப்பி மூட்டை

இப்போது திப்பிக்கு வருகிறேன். மலைக்கு மிக அருகில், மிக மலிவாகக் கிடைக்கக்கூடிய ஆலைக்கழிவு இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் விளையும் கிழங்கு லாரியேறிச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கழுவி, தோல் சீவி, அரைத்து, சல்லடையில் பால் வடிக்கிறார்கள். பால் தொட்டியில் தெளிந்து ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. சல்லடையில் நிற்கும் நார்ச்சக்கைதான் திப்பி. அதை வெயிலில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். நியாயமாகச் சொன்னால், ஒழுங்காக நடக்கும் ஆலையில் அன்றன்று வடித்த திப்பி ஒரு விஷமும் இல்லை. பால் தொட்டிக்குப் போவதற்கு முன்பே அது பிரிந்துவிடுகிறது. ஆனால் ஜவ்வரிசியை வெளுக்க அமிலமும் வெளுப்பு ரசாயனமும் சேர்த்ததாகச் சேலம் மாவட்ட ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை சோதனை நடத்திப் பறிமுதல் செய்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆலையில் தரையைக் கழுவி ஒதுக்கிய சகதியும் தொட்டி அடியில் தங்கிய கசடும் திப்பிக் குவியலோடு சேராமல் இருக்கும் என்று யார் கையெழுத்துப் போடுவார்? நான் போட மாட்டேன்.

அடுத்தது பூசணம். ஈரத் திப்பி ஒரே நாளில் புளித்துவிடும். திறந்த களத்தில் காயும்போது மழை பிடித்தால் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகப் பூசணம் பூக்கும். மஞ்சள்-பச்சை நிறத்தில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் வகை, அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விட்டுச்செல்லும். படுக்கைக்கு முன்னால் கொதிக்க வைத்தால் பூசணம் சாகும். அது விட்ட நஞ்சு கொதிநீர்ச் சூட்டுக்கு அழியாது. 2019-இல் வெளியான தேசியப் பால் தர ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் அஃப்லாடாக்சின் எம்-1 வரம்பைத் தாண்டியிருந்தது. காரணம் தீவனம். பூசணம் பிடித்த திப்பி மாட்டுக்கே ஆகாது என்று பால்காரருக்குத் தெரியும். அதே மூட்டை காளானுக்கு ஆகும் என்று நாம் ஏன் நம்ப வேண்டும்? காளான் பறித்து முடித்த படுக்கையைக் கடைசியில் மாட்டுக்குத்தானே உதறிப் போடுகிறோம்.

தொழில் கண்ணோடு பார்த்தாலும் திப்பி லாபமில்லை. அதில் இன்னும் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. சிப்பிக் காளானின் பலமே, மற்ற பூஞ்சைகள் தொட முடியாத கடினமான நாரை அது தின்னும் என்பதுதான். மாவுச்சத்து எல்லாருக்கும் பிடித்த தீனி. பச்சைப் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும். முழுப் படுக்கையையும் திப்பியில் போட்டவர்களுக்கு வெள்ளை இழைக்குப் பதிலாகப் பச்சைப் பொடியும் புளித்த நாற்றமும்தான் மிஞ்சும். வித்து வாங்கிய காசும் போச்சு.

கிழங்குத் தோல் வேறு கணக்கு. குச்சிக்கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் லினமாரின் உண்டு. சதையைவிடத் தோலில் அதிகம். நறுக்கி, ஊறவைத்து, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைத்தால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பச்சைத் தோலைக் குவித்து மூடி வைத்தால் போகாது. மலையிலேயே கிடைக்கிறதே என்று தோட்டத்திலிருந்து பச்சைத் தோலை அள்ளி நேராகப் படுக்கையில் திணிக்க வேண்டாம்.

பஞ்சு, மரத்தூள், மற்றவை

பஞ்சுக்கழிவு உலகெங்கும் காளானுக்குப் பயன்படுகிற நல்ல பொருள்தான். 1970-களில் ஹாங்காங்கில் வைக்கோல் காளானுக்கே அதைப் பழக்கினார்கள். ஆனால் அது சுத்தமான, சாயமேறாத, எண்ணெய்படாத நூற்பாலைப் பஞ்சு. ராசிபுரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் மூட்டையாகக் கிடைப்பதில் நூற்பாலைப் பஞ்சும் இருக்கும், தறிக்கூடத்தைக் கூட்டிய தூசும் இருக்கும், எந்திர எண்ணெய் துடைத்த துணியும் இருக்கும், சாயப்பட்டறையின் வண்ண நூலும் இருக்கும். சாயம் தோய்த்த நூல் ஒரு இழை கண்ணில் பட்டாலும் அந்த மூட்டை வேண்டாம். புற்றுநோய் உண்டாக்கும் அமின்களைத் தரக்கூடிய அசோ சாயங்களை இந்திய அரசு 1997-இலேயே தடை செய்தது. ஆனாலும் ஒரு மூட்டைக்குள் எந்தச் சாயம் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை.

மரத்தூள் வாங்கினால் மரம் அறுக்கும் பட்டறையில், பச்சை மரம் அறுக்கும்போது நின்று வாங்குங்கள். தச்சுப் பட்டறைத் தூளில் பிளைவுட் தூள் கலந்திருக்கும்; பிளைவுட்டை ஒட்டும் பசை ஃபார்மால்டிஹைடு பசை. பழைய வாசல், சன்னல், மின்கம்பக் கட்டை அறுத்த தூளில் ஈயப் பெயின்ட்டும், கரையான் அரிக்காமலிருக்கப் பூசிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தும் இருக்கலாம். காகித ஆலையின் சேறு, சலவைக்கழிவு, அச்சகத் துண்டுக் காகிதம், மினுமினுப்பான அட்டை எதுவும் வேண்டாம். நாமக்கல் கோழிப்பண்ணை எருவைச் 'சத்துக்கு ஒரு கை' என்று படுக்கையில் கலப்பதும் வேண்டாம். மட்காத கோழி எருவில் சால்மோனெல்லா வரும், மருந்து மிச்சமும் வரலாம். பண்ணைக் கோழிக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019-இல் அரசு தடை செய்ததே, மனிதனுக்குக் கடைசியாக இருக்கும் மருந்து வீணாகிவிடக் கூடாது என்றுதான்.

தென்னை நார்க்கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மட்கவைக்கச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவுவது எல்லாருக்கும் தெரிந்த முறை. அது உரம் தயாரிக்கும் முறை. அந்த மேட்டில் மழைக்குப் பிறகு குடை குடையாக முளைத்தால் பறித்துக் குழம்பு வைக்காதீர்கள். அங்கே முளைப்பதெல்லாம் சிப்பி அல்ல.

பீப்பாயும் மருந்தும்

மூட்டை நல்லதாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு: ஊறவைக்கும் பாத்திரம். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயும் இரும்பு டிரம்மும் முன்பு என்ன சுமந்தவை? சாயமா, அமிலமா, பூச்சிமருந்தா? லேபிளைக் கிழித்துவிட்டிருந்தால் அந்தப் பீப்பாயில் தாளை ஊறவைக்காதீர்கள். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது மெல்ல மெல்லக் கசியும். யூரியாச் சாக்கும் பூச்சிமருந்துச் சாக்கும் அதே கணக்கு. புதிதாக ஒரு தகர டிரம் வாங்கும் செலவைக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

மருந்தில் ஊறவைக்கும் முறை இன்னொரு தலைவலி. 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பன்டசிம், 125 மில்லி ஃபார்மலின், 18 மணி நேரம் என்று பயிற்சிக் கையேடுகளிலேயே இருக்கிறது. கடையில் 'பாவிஸ்டின்' என்று கேட்டு வாங்குவது அந்த கார்பன்டசிமைத்தான். கையேட்டிலுள்ள அளவு தராசில் நிறுத்துப் போடும் அளவு. கொட்டகையில் நடப்பது மூடிக் கணக்கு, கைக் கணக்கு. போன தடவை பச்சைப் பூஞ்சாணம் வந்ததென்று இந்தத் தடவை இரண்டு மடங்கு. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2004-இல் சேர்க்கப்பட்டது. 2018-இல் மீனில் ஃபார்மலின் என்று கேரளமும் சென்னையும் பதறியது நினைவிருக்கும். கார்பன்டசிம் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது; ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அனுமதி இல்லை. 2020-இல் இந்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் அது இருந்தது. இந்த இரண்டையும் கலந்த தண்ணீரில் வெறுங்கையோடு தாளை அமுக்குகிறவர்கள் பெண்கள். கர்ப்பிணியாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: கொல்லிமலையில் இந்த மருந்து முறையே வேண்டாம். தாளை மூன்று முதல் ஐந்து செ.மீ. துண்டாக நறுக்கி, நல்ல தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தினால் போதும். நம் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் முறை அதுதான். விறகுக்குக் காட்டைத் தொட வேண்டாம்; காபிச் செடி கவாத்து, சில்வர் ஓக் கிளை கழிப்பு போதும். படுக்கையில் ஈ மொய்த்தால் டைகுளோர்வாஸ் அடிக்கும் பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அந்த மருந்து 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் தடை. மொட்டு விட்ட காளான்மேல் எதையும் அடிக்கக் கூடாது. சன்னலுக்கு நைலான் வலை கட்டுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வாடல் நோய்க்கு வேரில் போடும் டிரைக்கோடெர்மா விரிடி தோட்டத்துக்கு நண்பன், காளானுக்கு எமன். பச்சைப் பூஞ்சாணம் என்று நாம் அஞ்சுவது அதே குடும்பத்தைச் சேர்ந்தது. டிரைக்கோடெர்மா பொடியைத் தொட்ட கையோடும், அதே சட்டையோடும் காளான் கொட்டகைக்குள் நுழையாதீர்கள். பொடி மூட்டையைக் கொட்டகைத் திண்ணையில் வைக்காதீர்கள்.

தயார் படுக்கை, திரும்ப வாங்கும் ஒப்பந்தம்

"படுக்கையை நாங்களே கட்டித் தருகிறோம், தண்ணி தெளிச்சாப் போதும், காளானையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று பணம் வாங்குபவர்களிடம் இரட்டை உஷார் வேண்டும். கட்டிய படுக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வெள்ளை இழை படர்ந்தபின் திப்பியா, தறிக்கூடத் தூசா, வைக்கோலா என்று பிரித்தறிவதும் கஷ்டம். காளான் விற்காமல் போனால் ஒப்பந்தக்காரர் போனை எடுக்க மாட்டார். பெருந்துறை ஈமு கோழி ஒப்பந்த மோசடி 2012-இல் இதே கொங்குச் சீமையில் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது என்பதை மறக்க வேண்டாம். வித்து மட்டும் வாங்குங்கள். படுக்கையை உங்கள் கையால் கட்டுங்கள்.

நெஞ்சுக்குள் போகும் பொடி

நல்ல தாளில் வளர்த்தாலும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. முதிர்ந்த சிப்பிக் காளான் வெள்ளைப் பொடியாக வித்துத்தூளைக் கொட்டும். காலையில் கொட்டகைத் தரையில் மாவு தூவியதுபோலப் படிந்திருப்பது அதுதான். அந்தத் தூளை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வருகிறது. கொட்டகையில் வேலை செய்து சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் காய்ச்சல், குளிர் நடுக்கம், வறட்டு இருமல், மூச்சிறைப்பு; மறுநாள் சரியாகிவிடும். மறுபடி கொட்டகை, மறுபடி காய்ச்சல். மாதக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும், பிறகு திரும்பாது. இருமலும் எடை குறைவும் பார்த்து இதைக் காசநோய் என்று எண்ணிவிட வாய்ப்பு அதிகம். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாமக்கல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், "வீட்டில் காளான் வளர்க்கிறேன், எத்தனை மாதமாக வளர்க்கிறேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

படுத்துறங்கும் அறையில் படுக்கை தொங்கவிட வேண்டாம். மலையில் குளிருக்காகச் சன்னலை அடைத்துவிட்டு, அதே அறையில் கைக்குழந்தையும் காளானும் இருப்பது மிகப் பெரிய தவறு. கொட்டகை தனியாக, காற்றோட்டமாக இருக்கட்டும். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்பே பறித்துவிட்டால் தூள் குறையும், விலையும் நன்றாகக் கிடைக்கும். பறிக்கும்போது மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் முகக்கவசம் போடுங்கள். சேலை முந்தானை போதாது.

அப்படியென்றால் எதில் வளர்ப்பது? மலையில் இருப்பதிலேயே. சாமைத் தாள், கேழ்வரகுத் தட்டை, பள்ளத்தாக்கு நெல் வைக்கோல், மக்காச்சோளச் சக்கை, காய்ந்த வாழை மட்டையும் சருகும், சில்வர் ஓக் அறுத்த தூள். காபித் தொலியிலும் வளரும். ஆனால் அதிலுள்ள காஃபீன் காளானுக்குள்ளும் போவதாகப் பிரேசில் ஆய்வு காட்டியிருக்கிறது, எனவே அதை நன்றாகக் கொதிக்கவைத்து நீரை வடித்துவிட்டு, தாளோடு கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பேராசை உண்டு: காளானுக்குத் தாள் வேண்டும் என்பதற்காகவாவது நாலு குடும்பம் ஒரு துண்டு நிலத்தில் மறுபடியும் சாமை போடட்டும். தானியம் வீட்டுக்கு, தாள் படுக்கைக்கு, கழிந்த படுக்கை மாட்டுக்கும் மிளகுக்கும். படுக்கையில் அயல் சரக்கு ஒன்றும் இல்லாதவரைதான் இந்தச் சுற்று சுற்றாக நிற்கும்.

சந்தேகம் வந்தால் கேட்க இடமிருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டி, வாங்கிய உணவைப் பரிசோதிக்கக் கேட்கும் உரிமை வாங்குகிறவர் எவருக்கும் உண்டு. காளான் என்றால் காட்மியம், ஈயம் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோளக்காட்டுச் சந்தையிலோ கீழே ராசிபுரத்திலோ காளான் வாங்குகிறவர்களும் "எதில் வளர்த்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். நேர்மையாக வளர்க்கிறவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

ஏற்கெனவே சந்தேக மூட்டையில் படுக்கை கட்டி, இந்த நிமிடம் அது கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தால்: அதில் பூத்ததைப் பறித்து விற்காதீர்கள், வீட்டிலும் சமைக்காதீர்கள். படுக்கையை மாட்டுக்குப் போடாதீர்கள், மிளகுக் கொடிக்கு உரமாகக் கொட்டாதீர்கள், கொளுத்தவும் வேண்டாம். ஓடைக்கரையில் எறிந்தால் அது ஐயாற்றில் சேர்ந்து, ஆகாயகங்கை அருவி வழியாகப் புளியஞ்சோலைக்கு இறங்கும். அந்தத் தண்ணீரை நம்பிக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. பையோடு கட்டி, மழை படாத இடத்தில் ஒதுக்கி வையுங்கள். ஒரு படுக்கையைத் தனியாக எடுத்து, வாங்கிய தேதியும் விற்றவர் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக் கட்டி, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ வேளாண் அலுவலரிடமோ நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்றவற்றை என்ன செய்வது என்று அவர்கள் எழுத்தில் சொல்லும்வரை தொடாதீர்கள். கொட்டகையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதன் பிறகு புதுத் தாளில், புது வித்தில் தொடங்குங்கள்.